வாத்தியார் ஆனதா தோல்வி?

"பத்து வருஷம் ஓடின கதை சார். கடைசியில அவன் வாத்தியார் ஆயிட்டான்."

பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தான். கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குப் பாதிச் சிரிப்பில்தான் உறைத்தது. "உங்களச் சொல்லல சார்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு வாத்தியாராக இருப்பவன் நான். பையன்மேல் கோபமில்லை. அவன் சொன்னது அவனுடைய சொந்தக் கருத்தும் இல்லை. 2024 ஆகஸ்டில் அந்த ஜப்பானியக் கதை முடிந்தபோது பல நாட்டு வாசகர்களும் இதைத்தான் சொன்னார்கள். உலகத்தைக் காப்பாற்றியவன் துரித உணவுக் கடையின் தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல் கேலிப்படங்கள் போட்டார்கள். என் சண்டை அவர்களோடுதான். கொஞ்சம் அந்தக் கதையை எழுதியவரோடும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோஹெய் ஹொரிகோஷி எழுதி வரைந்த 'மை ஹீரோ அகாடமியா' 2014 ஜூலையில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கி 430 அத்தியாயங்கள் வந்தது. புத்தகமாக 42 தொகுதிகள். அந்த உலகத்தில் மனிதர்களில் 80 சதவீதம் பேருக்கு ஏதோவொரு அதீத சக்தி உண்டு. நான்கு வயதுக்குள் அது வெளிப்பட்டுவிடும். ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் 'கொசெய்', அதாவது தனித்தன்மை. நாயகனாக இருப்பது அங்கே உரிமம் வாங்கிச் செய்கிற தொழில். அதற்குத் தரவரிசைப் பட்டியல் உண்டு. பதினைந்து வயதில் நுழைவுத்தேர்வு எழுதி யூ.ஏ. என்ற உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தால் மேலே போகலாம். இசுகு மிதோரியா சக்தியே இல்லாமல் பிறந்தவன். நாட்டின் முதலிட நாயகனான ஆல் மைட் தன் சக்தியை அவனுக்குக் கொடுக்கிறார். அவன் யூ.ஏ.வில் சேர்கிறான், பயிற்சி பெறுகிறான், போரில் ஜெயிக்கிறான், ஜெயிப்பதற்காகவே அந்தச் சக்தியை இழக்கிறான். எட்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அதே பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான்.

சக்தி முளைக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்ற கற்பனைக்கு மூதாதை உண்டு. 1963 செப்டம்பர் தேதியிட்டு ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ். நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டரில் ஒரு பெரிய வீடு. அதில் பேராசிரியர் சேவியரும் ஐந்து பிள்ளைகளும். அங்கேயும் பயிற்சி உண்டு, அடிதடி உண்டு. ஆனால் அந்தப் பள்ளியின் அடிப்படை வேறு. வெளியே உலகம் இந்தப் பிள்ளைகளைக் கண்டு பயப்படுகிறது, வெறுக்கிறது. ஒளிந்துகொள்ள ஓரிடம் வேண்டும், கண்ணிலிருந்து பாயும் கதிரை அடக்கிவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நீ மதிப்பெண்ணில் முதலா, பத்தாவதா என்று சேவியர் கேட்டு உள்ளே விடவில்லை. போக்கிடம் இல்லாததே அங்கே தகுதி.

ஐம்பது வருஷத்தில் அந்தப் புகலிடம் போட்டித்தேர்வு மையமாக மாறிவிட்டது. 2005இல் வந்த 'ஸ்கை ஹை' என்ற டிஸ்னி படத்தில் முதல் நாளே உடற்பயிற்சி ஆசிரியர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சக்தியைக் காட்டச் சொல்லி, நீ நாயகன், நீ எடுபிடி என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார். அது நகைச்சுவைப் படம், அதனால் சிரித்துவிட்டுப் போகலாம். ஹொரிகோஷி அதையே முழுச் சமுதாயமாக விரித்தார்.

யூ.ஏ.வின் வாசலைப் பாருங்கள். ஜப்பானில் 'ஹென்சாச்சி' என்று ஒரு கணக்கு உண்டு. தேர்வு எழுதியவர்களின் சராசரியை 50 என்று வைத்து, நீ அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்று சொல்லும் எண். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி எட்டும் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கணிக்கிறார்கள். யூ.ஏ.வுக்கு ஹொரிகோஷி போட்ட ஹென்சாச்சி 79. கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், அது ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒருவர் எட்டும் இடம். ஓரிடத்துக்கு 300 பேர் போட்டி. பொதுத்தேர்வில் 36 பேர், பரிந்துரையில் 4 பேர், ஆக நாற்பது. இதில் மாயாஜாலம் எதுவும் இல்லை. 'தேர்வு நரகம்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கும் ஒன்றுக்குக் கேப் மாட்டிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தத் தேர்வில் இயந்திர மனிதர்களை உடைத்தால் மதிப்பெண். பாகுகோ 77 எடுத்து முதலிடம். மிதோரியாவுக்கு உடைத்ததில் சைபர். ஆனால் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணைக் காப்பாற்றியதற்காக 60 மதிப்பெண். மறைவாக அப்படியொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது என்று பிறகு சொல்கிறார்கள். படிக்கும்போது கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. பிறகு யோசித்தால் இது தேர்வு வைப்பவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான் என்று புரிகிறது: எங்கள் தேர்வு பார்க்கத்தான் கொடூரம், உள்ளே நியாயமானது, நல்ல பிள்ளை எப்படியும் தேறிவிடும்.

ஹொரிகோஷியின் பெருமை, இந்தச் சமாதானத்தை அவரே உடைத்தது. ஹிதோஷி ஷின்சோ என்று ஒரு பையன். தன் கேள்விக்குப் பதில் சொல்பவரின் மனத்தை அவனால் வசப்படுத்த முடியும். பணயக்கைதிகள் இருக்கும் இடத்தில் அதைவிட உதவியான சக்தி உண்டா? ஆனால் இயந்திரத்துக்கு ஏது மனசு? தேர்வில் அவன் தோற்றான். நாயகர் பிரிவு கிடைக்கவில்லை, பொதுப்பிரிவில் போட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அவனைப் பார்த்தவர்கள் எல்லாம் இது வில்லனுக்கு ஏற்ற சக்தியாச்சே என்றுதான் சொல்லிவந்திருக்கிறார்கள். தேர்வு அவனுடைய தகுதியை அளக்கவே இல்லை. தன்னால் எதை அளக்க முடியுமோ அதை அளந்துவிட்டு, அதற்குத் தகுதி என்று பெயர் வைத்தது.

தேர்வுக்கு வெளியே விழுந்தவர்களையும் அவர் காட்டினார். டென்கோ ஷிமுராவுக்கு ஐந்து வயது. தொட்டதெல்லாம் பொடியாகும் சக்தி ஒரு நாள் திடீரென்று வெளிப்பட்டு, அவன் கையாலேயே குடும்பம் அழிகிறது. முகத்தில் இரத்தத்தோடு தெருவில் நடக்கிறான். ஜனங்கள் பார்க்கிறார்கள். யாராவது நாயகர் வந்து கவனித்துக்கொள்வார் என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு கிழவி மட்டும் நின்று விசாரிக்கிறாள். அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் அவளும் பயந்து அதையே சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். கடைசியில் அவனுக்குக் கை கொடுத்தது அந்த உலகத்தின் மிகப் பெரிய கொடியவன். வளர்ந்தபின் ஷிகராகி என்ற பெயரில் நாட்டையே பொடியாக்கப் புறப்படுகிறவன் இந்தச் சிறுவன்தான். காப்பாற்றுவதைத் தொழிலாக்கி, உரிமம் கொடுத்து, பட்டியல் போட்டுவிட்டால் மற்றவர்களுக்குக் கை நீட்ட வேண்டிய கடமை இல்லாமல் போய்விடுகிறது. இந்தக் கதையில் இதைவிடக் கூர்மையான குற்றச்சாட்டு வேறில்லை.

தேர்வுக்குள் இருப்பவர்கள் மட்டும் நன்றாக இருந்தார்களா? எண்டெவர் இரண்டாமிடத்து நாயகர். ஆல் மைட்டைத் தாண்ட முடியாத ஆத்திரத்தில், தாண்டக்கூடிய பிள்ளையைப் பெறுவதற்காகவே சக்தி பார்த்துக் கல்யாணம் செய்துகொள்கிறார். மூத்தவன் தோயாவின் நெருப்பு அவன் உடம்பையே எரிக்கிறது என்று தெரிந்ததும் அவனைக் கைவிட்டு, கடைசிப் பிள்ளை ஷோட்டோவை ஐந்து வயதில் பயிற்சிக்கு இழுக்கிறார். மனம் உடைந்த தாய் அந்தக் குழந்தை முகத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிடுகிறாள். தன்னால் முடியாததைப் பிள்ளை மூலம் முடிக்கப் பார்க்கும் அப்பாக்களை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் நான் சந்திக்கிறேன். அவர்கள் கையில் நெருப்பு இருக்காது, ரேங்க் கார்டு இருக்கும்.

பத்து வருஷம் இதையெல்லாம் வாரம் தவறாமல் படித்தவர்கள்தான், கடைசி அத்தியாயம் வந்ததும் "அய்யோ, வாத்தியார் ஆயிட்டானே" என்று அழுதார்கள். என்னய்யா படித்தீர்கள் இத்தனை நாள்?

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். மிதோரியா தன் சக்தி முழுவதையும் கொடுத்து உலகைக் காப்பாற்றினான். நண்பர்கள் புகழோடு வானத்தில் பறக்கிறார்கள். அவன் மட்டும் கீழே, பள்ளிக்கூடத்தில். இது அநியாயம் இல்லையா? நியாயமான கேள்விதான். வாத்தியார் வேலை தெய்வீகம், ஏணி, மெழுகுவத்தி என்றெல்லாம் பதில் சொல்ல மாட்டேன். செப்டம்பர் 5 மேடைப் பேச்சு எனக்கே அலுத்துவிட்டது. பதிவேடு, விடைத்தாள், சம்பளம், முதுகுவலி, எல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன்.

என் பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் இந்த வாசகர்கள் எல்லோரும் உருகிய இடம் எது? டாக்டர் முடியாது என்கிறார். அம்மா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறாள். பாகுகோ, மாடியிலிருந்து குதித்து அடுத்த பிறவியிலாவது சக்தியோடு பிற என்கிறான். ஆல் மைட்டே முதலில் முடியாது என்றுதான் சொல்கிறார். பிறகு, தன்னைக் கொடுமைப்படுத்திய அதே பாகுகோவைக் காப்பாற்ற வெறுங்கையோடு ஓடியவனைப் பார்த்தபின், உன்னால் முடியும் என்கிறார். அந்த ஒரு சொல்லில்தான் 430 அத்தியாயமும் நிற்கிறது. கடைசி அத்தியாயத்தில், தன்னால் முடியுமா என்று தயங்கும் ஒரு சிறுவனிடம் மிதோரியா அதே சொல்லைச் சொல்கிறான். ஆல் மைட் சொன்னபோது கண்ணீர், மிதோரியா சொல்லும்போது கேலி. நடுவில் என்ன மாறியது? ஆல் மைட் அதைச் சொன்னபோது பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். மிதோரியா பட்டியலிலேயே இல்லை. அப்படியென்றால் நீங்கள் உருகியது சொல்லுக்கு இல்லை, ரேங்குக்கு.

ஹொரிகோஷி மேல் என் புகாரும் இங்கேதான் வருகிறது. இறுதிப் பகுதியை அவர் சரியாகவே கட்டினார். அன்று பயந்து நகர்ந்த அதே கிழவி, கைவிடப்பட்ட வேறொரு சிறுவனின் கையைப் பிடிக்கிறாள். அவளுக்கு உரிமமும் இல்லை, கவசமும் இல்லை. உராராகா பள்ளிப் பிள்ளைகளிடம் அவரவர் சக்தியைப் பற்றி உட்கார்ந்து பேசும் ஆலோசனைத் திட்டத்தை நடத்துகிறாள். ஷின்சோக்களும் டென்கோக்களும் உருவாகாமல் இருக்க அதுதான் வழி. இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கங்களில் மிதோரியாவுக்கு இயந்திரக் கவசம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பழைய தோழர்கள் பணம் போட்டுச் செய்வித்தது, ஆல் மைட் கையால் வருகிறது. நட்பாகப் பார்த்தால் அழகுதான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? வகுப்பறை போதவில்லை, பையனுக்கு ஆறுதல் பரிசு வேண்டும் என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டதாகத்தானே? கேலி செய்தவர்களுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டவர் அவர்தான். கிழவியின் வெறுங்கையை நம்பியவர், தன் நாயகனின் வெறுங்கையைக் கடைசிவரை நம்பியிருக்கலாம்.

இவ்வளவு கோபம் எதற்கு, சின்னப் பிள்ளைகள் படிக்கும் படக்கதைதானே என்பீர்கள். ஆறு வருஷத்துக்கு முன் பத்தாவது முடித்த ஒரு பையன் கணக்குப் பிரிவு கேட்டு வந்தான். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். "உனக்குக் கணக்கு வராதுப்பா, வேற குரூப் எடுத்துக்கோ" என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. தலையாட்டிவிட்டுப் போனான். நான் சொன்னது சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அவனைப் பற்றி எனக்கு அன்று தெரிந்தது ஒரு எண் மட்டும்தான். அவன் எங்கே போனான், என்ன படித்தான் என்று பிறகும் நான் விசாரிக்கவில்லை. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பேன்போல.

அதனால்தான் அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. பிள்ளைகளுக்குப் பட்டியலைப் பார்த்து மனிதரை அளக்கச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அவர்கள் அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்து, அதே அளவுகோலால் என்னையும் அளந்தார்கள்.

அந்தப் பையனை மறுவாரம் வராந்தாவில் பார்த்தபோது நிறுத்திக் கேட்டேன். "கடைசியில ஒரு பாட்டி வருவாங்களே, ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பாட்டி சார்?"

"மறுபடி படிச்சுப் பாரு" என்றேன். மணி அடித்தது. அவன் ஓடினான். எனக்கும் அடுத்த வகுப்பு இருந்தது.