முரளியின் 2009, ஒரு லயத்தின் 2009

கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், சுவரில் முத்தையா முரளிதரன் படம் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாவின் அக்கா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போனது. 2009இலிருந்து தகவலில்லை.

2009ஐத் தன் மகிழ்ச்சியான ஆண்டாக 2019இல் சொன்னார் முரளி. '800' படச் சர்ச்சையின்போது, யுத்தம் முடிந்ததையே குறிப்பிட்டதாகவும் அப்பாவிகளின் கொலையை ஆதரிக்கவில்லை என்றும் விளக்கினார். நம்புகிறேன். யுத்தம் முடிந்ததில் நிம்மதியடைந்தோர் எங்களுக்குள்ளும் உண்டு.

ஆனால் அதை அவர் சொன்னது, அதே 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்சவை ஜனாதிபதித் தேர்தலில் ஆதரித்தபடி. எண்ணூறு டெஸ்ட் விக்கெட் தந்த மதிப்பு அந்த வாக்குக் கணக்கில் சேர்ந்தது. அந்த மதிப்பில் இந்தச் சுவருக்கும் பங்குண்டு. காணாமற்போனவர்களைப் பற்றி அந்த வேட்பாளரிடம் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

படத்தைக் கழற்றத் தோன்றவில்லையா என்றேன்.

"மகன் ஒட்டுனது தம்பி. இருக்கட்டும்."