சுருள் குறைந்தாலும் காது கேட்கும்!

"உள்காது சரியாக வளரவில்லையாம். இனி என்ன செய்தாலும் பயன் இல்லை" என்று சில பெற்றோர் மனம் உடைந்து போகிறார்கள். அப்படி முடிவு கட்டுவது தவறு.

உள்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதில் சுமார் இரண்டரைச் சுற்று இருக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒன்றரைச் சுற்றுதான் இருக்கும். இத்தாலி டாக்டர் மொண்டினி 1791-ம் ஆண்டிலேயே இதைக் கண்டு சொன்னார். அன்று சிகிச்சை இல்லை. இன்று இருக்கிறது!

'காக்ளியர்' கருவியின் மெல்லிய கம்பியை டாக்டர்கள் அந்தச் சுருளுக்குள் வைக்கிறார்கள். அது கேட்கும் நரம்பைத் தூண்டுகிறது. இப்படிப்பட்ட குழந்தைகள் பலர் இன்று கேட்கிறார்கள்; பேசுகிறார்கள்.

ஆனால், சுருளே இல்லாவிட்டால் இந்தக் கருவி உதவாது. நரம்பு இல்லாவிட்டாலும் பலன் அரிது. எனவே, 'ஸ்கேன்' எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

"வயது ஆனால் தானே பேசும்" என்று காத்திருப்பதுதான் பெரிய கேடு. மூளை மொழியைப் பழகுவது முதல் சில ஆண்டுகளில்தான்.

பெற்றோர்களே! குழந்தை ஒலிக்குத் திரும்பவில்லையா? இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷனோடு நின்றுவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியும் கொடுங்கள். தினமும் குழந்தையோடு பேசுங்கள்!