'மன அழுத்தத்தால்' என்ற சொல் யாரைக் காப்பாற்றுகிறது?

உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் மாணவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டால், மறுநாள் வெளிவரும் அறிக்கையை முன்கூட்டியே எழுதிவிடலாம். 'மாணவர் சில காலமாக மன அழுத்தத்தில் இருந்தார். அதனால் இம்முடிவுக்கு வந்தார்.' எழுவாய் மாணவர். காரணம் அவருடைய மனம். நிறுவனத்துக்கு அந்த அறிக்கையில் இரங்கல் தெரிவிக்கும் வேலை மட்டுமே உண்டு. அறிவியலின் குரலில் பேசுவதுபோல் தோன்றும் இவ்வாக்கியம் அறிவியலுக்கும் பொருந்தாது, இலக்கணத்துக்கும் பொருந்தாது.

முதலில் அறிவியல். மனச்சோர்வு என்பது ஒரு நோய்ப்பெயர். உறக்கமின்மை, ஆர்வமின்மை, தன்னையே இழிவாக எண்ணுதல் போன்ற அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவர் அப்பெயரை இடுகிறார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டுக் கையேடு, 1980இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலிருந்தே, பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் கூறுவதைத் தவிர்த்து அறிகுறிகளை விவரிப்பதோடு நின்றுகொண்டது. ஆகவே 'இவர் ஏன் துயருற்றார்? மனச்சோர்வால். மனச்சோர்வு என்று எப்படித் தெரியும்? துயருற்றாரே!' என்பது வட்டமடிக்கும் வாதம். ஒரு நிலைக்கு இட்ட பெயர் அந்நிலைக்குக் காரணமாகாது.

மூளையில் செரோட்டோனின் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற எளிய விளக்கமும் நிலைபெறவில்லை. ஜோனா மான்கிரீஃப் குழுவினர் 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதற்குச் சீரான சான்று இல்லை என்று கூறியது. இதனால் மருந்துகள் பயனற்றவை என்று ஆகாது. அவற்றால் நலம் பெற்றோர் பலர். எவரும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. மரபின் பங்கும் மறுக்கத்தக்கதன்று. இரட்டையர் ஆய்வுகளில் மனச்சிதைவு நோய்க்கு மரபுப் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு. மனச்சோர்வுக்கோ ஏறத்தாழ 37 விழுக்காடே. இவ்வெண்கள்கூட ஒரு மக்கள் கூட்டத்துக்குள் உள்ள வேறுபாட்டை அளப்பவை. குறிப்பிட்ட ஒரு மாணவரின் துயரில் எவ்வளவு பங்கு மரபணுவுக்கு உரியது என்பதை அவை சொல்லவே இயலாது.

மறுபுறம், இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் வழங்கிய திட்டத்தை ஆராய்ந்தவர்கள், தற்கொலை விகிதம் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்ததைக் கண்டனர். அங்கே எவருடைய மரபணுவும் மாறவில்லை. மாறியது கையில் இருந்த பணம்.

இனி இலக்கணம். 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு கருவியையும் கருத்தாவையும் உணர்த்தும் என்பது பள்ளிப் பாடம். மண்ணால் குடம் வனைந்தான் என்பதில் மண் முதற்கருவி. கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்பதில் கரிகாலன் ஏவுதல் கருத்தா. அவன் ஒரு கல்லையும் சுமந்திருக்க வேண்டியதில்லை. மனநோயில் மூளையும் நரம்பும் மரபும் மண்ணைப் போன்றவை. மண்ணின்றிக் குடம் இல்லை. ஆயினும் மண் தானே குடமாவதில்லை. 'மன அழுத்தத்தால்' என்று எழுதுவோர் கருவியைக் கருத்தாவின் இடத்தில் அமர்த்துகிறார்கள். ஏவியவர் வாக்கியத்திலிருந்தே நீங்கிவிடுகிறார்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ரோகித் வெமுலா 2016 சனவரி 17 அன்று இறந்தார். அதற்குமுன் பல மாதங்களாக அவருக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. வேறு நால்வருடன் விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டிருந்தார். நடுவண் அரசு அமைத்த ஒருநபர் ஆணையமோ, அவருடைய இறப்புக்குச் சொந்தக் காரணங்களே அடிப்படை என்று முடிவு செய்தது. 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியின் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தபோது, நிறுவனத்தின் உட்குழு நேரடிச் சாதிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான சான்று இல்லை என்று கூறி, படிப்பில் ஏற்பட்ட பின்னடைவைச் சுட்டியது. படிப்பில் பின்னடைவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அல்லவா விசாரணையின் தொடக்கமாக இருந்திருக்க வேண்டும்? விளைவைக் காரணமாக எழுதிக் கோப்பை மூடுவது விசாரணை ஆகாது.

எண்ணிக்கையும் இதே பழக்கத்துக்குத் துணைபோகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். காப்பகத்தின் காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினை, நோய், தேர்வில் தோல்வி, காதல் விவகாரம் எனத் தலைப்புகள் உண்டு. சாதிப் பாகுபாடு என்றொரு தலைப்பு இல்லை. தலைப்பே இல்லாத காரணம் எப்படி எண்ணப்படும்? பிறகு 'தரவுகளில் அப்படி எதுவும் தென்படவில்லை' என்று சொல்வது எளிதாகிவிடுகிறது.

'அதே நெறியாளர், அதே விடுதி, அதே தேர்வு. மற்றவர்கள் தாங்கிக்கொள்கிறார்களே' என்பது வழக்கமான எதிர்வாதம். ஒரே மழையில் ஒரு வீடு இடிகிறது, மற்றொன்று நிற்கிறது. சுவரின் வலிமையை ஆராய்வது சரியே. அதற்காக மழையே பெய்யவில்லை என்று சொல்லலாமா? மேலும், மழை எல்லார் மீதும் ஒரே அளவில் பெய்வதும் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுகளுக்கு மேலாக அத்தொகை உயரவில்லை. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வுதவித்தொகை 2022 டிசம்பரில் கைவிடப்பட்டது. இவற்றைச் செய்துவிட்டு மன உறுதிப் பயிலரங்கு நடத்துவது, கூரையைப் பிரித்துவிட்டு நனையாமலிருக்கப் பயிற்சி தருவதற்கு ஒப்பாகும்.

உளவியல் ஆலோசகர்கள் வேண்டும், மருத்துவம் வேண்டும். துயரில் இருப்பவர் கட்டணமற்ற டெலி மானஸ் எண் 14416ஐ இன்றே அழைக்கலாம். சிகிச்சை பெறுவது ஒருபோதும் தோல்வி ஆகாது. ஆனால் நிறுவனத்தின் பொறுப்பு அங்கே முடிவதில்லை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தபோது, சாதி, பாலினப் பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல், கல்விச்சுமை, பணநெருக்கடி ஆகியவற்றையும் காரணங்களாக ஆராயப் பணித்தது. அக்கேள்விகளை ஒவ்வொரு பல்கலைக்கழக விசாரணைக் குழுவும் கேட்க வேண்டும். உதவித்தொகை எத்தனை மாதம் நிலுவையில் இருந்தது? நெறியாளருக்கு எதிரான புகாரை யார் விசாரித்தார்கள்? சமவாய்ப்பு மையம் கடைசியாக எப்போது கூடியது? விசாரணைக் குழுவில் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வந்தவர் எத்தனை பேர்?

'அவருக்கு என்ன நோய்?' என்று கேட்பது மருத்துவரின் கடமை. 'அவருக்கு என்ன செய்யப்பட்டது, யாரால்?' என்று கேட்பது கல்விச் சமூகத்தின் கடமை. முதற்கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாம் கேள்விக்கும் விடையாக எழுதும் அறிக்கையில், அறிந்தவர் எவரும் கையொப்பமிடக் கூடாது.