சோகைக்கு நெருப்பு வெச்சவன் பாடம் எடுக்கப் போன கதை

தை மாசக் கடைசியில் எங்க கரும்பு வெட்டு முடிஞ்சது. ஒன்றரை ஏக்கர். வெட்டு ஆட்கள் கிளம்பிப் போன மூணாம் நாள் சாயங்காலம், காத்து அடங்கினதும் சோகைக்கு நெருப்பு வெச்சேன். சோகைன்னா கரும்போட காய்ஞ்ச இலை, டவுன்ல இருக்கிற நண்பர்களுக்காகச் சொல்றேன். வெட்டு முடிஞ்ச கழனியில் முழங்கால் உயரத்துக்குக் கெடக்கும். எங்க அப்பா கொளுத்தினார், பக்கத்துக் கழனிக்காரர் கொளுத்துறார், நானும் இருபது வருஷமா கொளுத்திக்கிட்டுதான் இருக்கேன். அரை மணி நேரம் எரிஞ்சு ஓஞ்சிடும். புகை மட்டும் ஓயாது. பனிக்காலத்து ராத்திரியில் அது மேலே போகவும் செய்யாது, ஊர் மேல பாய் விரிச்ச மாதிரி படுத்துக்கும்.

அன்னிக்கு ராத்திரி எங்க அம்மாவுக்கு இழுப்பு வந்துடுச்சு. அம்மா நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதினவங்க, மார்ச்சளி எப்பவும் உண்டு. ஆனா அன்னிக்கு வந்தது வேற. தலையணையை நிமித்தி உட்கார வெச்சு, மருந்தை உறிஞ்சச் சொல்லி, விடிய ரெண்டு மணி வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்தோம். யாரும் ஒண்ணும் சொல்லல. சட்டையெல்லாம் சோகைப் புகை நாத்தம் எனக்கே அடிச்சது.

மறுநாள் சாயங்காலம் பொண்ணு வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. ஒன்பதாம் வகுப்பு. 'காற்று மாசடைவதைத் தடுக்கும் வழிமுறைகள் ஐந்தினை எழுதுக.' மரம் நடுதல், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துதல், புகை போக்கிகளில் வடிகட்டி பொருத்துதல், சூரிய ஆற்றலைப் பயன்படுத்துதல்னு நாலு எழுதிட்டா. அஞ்சாவதைச் சத்தமாப் படிச்சா: "பயிர்க் கழிவுகளை எரிக்காமல் இருத்தல்." படிச்சுட்டு என்னைப் பார்க்கல, நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. பார்த்திருந்தாலாவது ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அவ வகுப்புல போய் என்ன சொன்னாளோ தெரியாது. அந்த வாரமே அறிவியல் டீச்சர் போன் பண்ணி, "சார், ஒரு பீரியட் வந்து பசங்ககிட்ட பேசுறீங்களா? விவசாயி பக்கத்து நியாயத்தையும் கேக்கட்டும்"னாங்க. திட்டக் கூப்பிடுறாங்களோன்னு பயந்தேன். அப்படி இல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் எனக்குத் தோணினதைத்தான் இங்க எழுதுறேன்.

போனதும் பசங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். காத்தைக் கெடுக்கிறது யாரு? நாப்பது பேரும் சேர்ந்து பதில் சொன்னாங்க. தொழிற்சாலை, வாகனம், டெல்லி. ஆமா, டெல்லின்னே ஒருத்தன் சொன்னான், அதுவே ஒரு புகை போக்கி மாதிரி. சரி, இன்னிக்குக் காலையில வீட்டுல இருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தனை புகை மூக்குல ஏறுச்சுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கொட்ட ஆரம்பிச்சாங்க. வெந்நீர் அடுப்பு. கொசுவத்தி. தெருமுனையில் எரியுற குப்பை, அதுல பிளாஸ்டிக். செங்கல் சூளை. நெல் மிஷின் உமி. ஆரணிப் பக்கம் சொந்தம் இருக்கிற ஒரு பையன், அங்க துணி காயப் போட்டா ரைஸ் மில் கரி வந்து விழும்னு அவங்க அத்தை திட்டுறதை அப்படியே நடிச்சுக் காட்டினான். தாத்தாவோட பீடின்னு ஒரு பொண்ணு சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டா. கடைசியா, பின் பெஞ்சுல இருந்து ஒரு குரல்: "கரும்புச் சோகை, சார்." என் பொண்ணு இல்ல, வேற பையன்.

புத்தகத்துல இருக்கிற காத்து வேற, இவங்க இழுக்கிற காத்து வேறயா இருக்கு. அதுதான் என் குறை. பள்ளிக்கூடத்துல சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமா வைக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1991-லயே சொல்லிடுச்சு. எம்.சி. மேத்தா போட்ட வழக்கு அது. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பாடம் வந்துடுச்சு, படம் வந்துடுச்சு, அஞ்சு மார்க் கேள்வியும் வந்துடுச்சு. ஜன்னலைத் திறந்து மோந்து பாருன்னு மட்டும் யாரும் சொல்லல.

இதை நான் சும்மா சொல்லல. எங்க திருவண்ணாமலையிலேயே அப்படி மோந்து பார்த்த ஒரு பொண்ணு இருக்கா. வினிஷா உமாசங்கர். பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில் தெருவுல துணி தேய்க்கிறவர், எரிஞ்சு முடிஞ்ச கரியைக் கொட்டுறதைப் பார்த்திருக்கா. அப்போ பன்னிரண்டு வயசுதான். நாமும்தான் தினம் பார்க்கிறோம். அந்த வண்டியில் சட்டையைக் கொடுத்துட்டு, ஒண்ணு விட்டுப்போச்சேன்னு எண்ணிப் பார்த்துட்டுப் போறோம். அவ கரியை எண்ணினா. ஒரு வண்டிக்கு நாளைக்கு அஞ்சு கிலோ கரி, நாடு முழுக்க இப்படி எத்தனை வண்டி, அந்தக் கரிக்கு எத்தனை மரம், அந்தப் புகையில் நாள் பூரா நிக்கிறவர் நெஞ்சு என்ன ஆகும்னு கணக்குப் போட்டா. அதுல இருந்து வந்ததுதான் சூரிய ஒளியில் ஓடுற இஸ்திரி வண்டி. அஞ்சு மணி நேரம் வெயில்ல பேட்டரி ஏறினா ஆறு மணி நேரம் தேய்க்கலாம். அகமதாபாத்துப் பக்கம் இருக்கிற தேசியப் புத்தாக்க நிறுவனம் அதை நிஜ வண்டியா செஞ்சு கொடுத்தது. 2020-ல சுவீடன் நாட்டுல சிறுவர்களுக்குன்னு கொடுக்கிற காலநிலைப் பரிசு கிடைச்சது. 2021-ல பிரிட்டன் இளவரசர் வில்லியம் தொடங்கின எர்த்ஷாட் பரிசுக்கு, காத்தைச் சுத்தமாக்குற பிரிவில் கடைசிச் சுற்றுக்கு வந்தா. அதே வருஷம் நவம்பர்ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையில், உலகத் தலைவர்கள் முன்னாடி நின்னு பேசினா.

எங்க ஊர்க்காரங்க இதைச் சொல்லிப் பெருமைப்படுறோம், சரிதான். ஆனா நான் வகுப்புல பசங்ககிட்ட மேடையைப் பத்திப் பேசல. அவ எங்க இருந்து ஆரம்பிச்சாங்கிறதைத்தான் பேசினேன். தெருவுல. கரி கொட்டுற இடத்துல. இஸ்திரிக்காரர் கெட்டவர்னு அவ சொல்லல; அவருக்கு வேற வழி வேணும்னு நினைச்சா. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

இன்னொரு விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. அந்த வருஷம் அதே பிரிவில் ஜெயிச்சது யாரு தெரியுமா? டக்காச்சார்னு நம்ம நாட்டு ஆளுங்க, வித்யுத் மோகன்ங்கிறவர் நடத்துறது. பத்து லட்சம் பவுண்டு பரிசு. எதுக்கு? விவசாயிங்க கொளுத்துற பயிர்க் கழிவை, டிராக்டர்ல மாட்டி இழுத்துட்டு வர்ற சின்ன மிஷின்ல போட்டு, எரிபொருளாவும் உரமாவும் மாத்துறதுக்கு. புகையை 98 சதவீதம் வரைக்கும் குறைக்கும்னு சொல்றாங்க. இஸ்திரிப் புகையை முந்திக்கிட்டு எங்க புகைதான் ஜெயிச்சிருக்கு! அந்த மிஷின் எங்க பக்கம் வந்து நான் பார்க்கல. வந்தா முதல் ஆளா போய் நிப்பேன்.

வகுப்புக்கு வர்றேன். ஒரு பொண்ணு எழுந்து நேராவே கேட்டா: "கெட்டதுன்னு தெரிஞ்சும் ஏன் சார் கொளுத்துறீங்க?" போர்டுல கணக்குப் போட்டேன். தீப்பெட்டி ரெண்டு ரூபா. சோகையை வாரி வரப்போரம் போட ஏக்கருக்கு நாலு ஆள், ரெண்டு நாள், அதுவும் ஆள் கிடைச்சா. தூளாக்குற மிஷின் இருக்கு, ஆனா எங்க பக்கம் அதுக்கு வரிசையில் நிக்கணும், வாடகை தனி. கட்டைக் கரும்பு துளிர்க்குறதுக்குள்ள தண்ணி கட்டியாகணும். சோகை கெடந்தா எலி வரும், எலி வந்தா பாம்பு வரும், பாம்பு வந்தா களையெடுக்க ஆள் வராது. இப்போ சொல்லு, நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டேன்.

அந்தப் பொண்ணு போர்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் கேட்டா, "எரிஞ்சா என்னென்ன போகும்னு நீங்க எழுதவே இல்லையே சார்?"

நிஜமாவே நான் எழுதல. சோகையில் இருக்கிற தழைச்சத்து அத்தனையும் புகையாப் போயிடுது. அதே சத்தை யூரியா மூட்டையா காசு கொடுத்து வாங்கிட்டு வர்றேன். சோகையைப் பாருக்கு நடுவுல மூடாக்கா போட்டா ஈரம் நிக்கும், களை குறையும்னு வேளாண் பல்கலைக்கழகம் எத்தனையோ வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கு. மேல் மண்ணுல மண்புழு வெந்து கெடக்கிறதை நானே பார்த்திருக்கேன். எல்லாத்தையும் எழுதினேன். அம்மாவோட இழுப்பை மட்டும் எழுதல, பொண்ணு எதிர்ல உட்கார்ந்திருந்தா. கணக்கு முன்ன மாதிரி ஒரு பக்கமா சாயல. ஆனா முழுசா இந்தப் பக்கமும் வரல. தீப்பெட்டிச் செலவு இன்னிக்கே கண்ணுக்குத் தெரியுது, மண்புழுக் கணக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். கடன் வாங்கிப் பயிர் வெக்கிறவனுக்கு மூணு வருஷம் ரொம்ப தூரம். இந்த இழுபறியைத்தான் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு நினைக்கிறேன். தீர்வுன்னு ஒரு வரி எழுதினா மார்க் கிடைக்கும். அந்தத் தீர்வுக்கு யார் காசு கொடுக்கிறது, யார் முதுகு வளையுதுன்னு கேக்கலேன்னா அது பாதிப் பாடம்தான். சூரிய இஸ்திரி வண்டிக்கும் இதே கேள்விதான். நாளைக்கு அஞ்சு கிலோ கரி வாங்குறவர் கையில மொத்தமா ஒரு வண்டிப் பணம் இருக்காது. கடனோ மானியமோ யாராவது நடுவுல நின்னாத்தான் அது தெருவுக்கு வரும்.

டீச்சரும் சும்மா இல்ல. வெள்ளை அட்டையில் வாசலின் தடவி, ஒண்ணை ரோட்டோரம், ஒண்ணை வேப்ப மரத்தடியில், ஒண்ணை ஒரு பையன் வீட்டுச் சமையல் அறையில்னு மூணு நாள் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருந்தாங்க. அன்னிக்குக் கொண்டு வந்து பார்த்தா, ரோட்டை விட அடுப்படி அட்டைதான் கருப்பு. வகுப்பே அதிர்ந்து போச்சு. அந்தப் பையன் மட்டும், "அம்மா தினமும் அங்கதானே சார் இருக்காங்க"ன்னான். புகையில்லா அடுப்புத் திட்டம் 1983-லயே வந்தது, உஜ்வலா 2016-ல வந்தது. சிலிண்டர் எங்க வீட்டுலயும் இருக்கு. விலையைப் பார்த்துட்டு வெந்நீருக்கும் மாட்டுக்குக் காய்ச்சுறதுக்கும் விறகையே வெக்கிறோம்.

அட்டையில் ஒட்டுறது கண்ணுக்குத் தெரியுற கரின்னு டீச்சர் விளக்கினாங்க. நெஞ்சுக்குள்ள போய்த் தங்குறது அதை விடப் பொடி, ரெண்டரை மைக்ரான். தலைமுடி தடிமன்ல இருபதுல ஒரு பங்குன்னு வெச்சுக்கலாம். வருஷ சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல அது 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னது. நம்ம நாட்டு அளவுகோல் 40. உடனே ஒருத்தன், "அப்போ நம்ம நுரையீரல் எட்டு மடங்கு பெருசா மிஸ்?"னான். சிரிப்பு அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. கேள்வி என்னவோ சரியான கேள்வி.

மலைமேல தீபம் ஏத்துறதும் புகைதானேன்னு ஒருத்தன் கேட்டான். டீச்சர் முகம் கொஞ்சம் மாறுச்சு. கேக்கட்டும்னேன். தீபத்துக்குச் சுமார் 3,500 கிலோ நெய், 2,668 அடி உயரத்துல, வருஷத்துக்குப் பதினோரு நாள். கீழே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஊரைச் சுத்தி நிக்கிற பஸ், கார், வேன். எது யார் மூக்குக்குக் கிட்ட இருக்குன்னு நீங்களே கணக்குப் போடுங்கடான்னு விட்டுட்டேன். (கார்ல வர்ற நண்பர்களே, நிறுத்தி வெச்சுட்டு ஏ.சி.க்காக இன்ஜினை ஓட விடாதீங்க. அந்தப் பக்கத்துலதான் ஒரு அம்மா இளநி வித்துக்கிட்டு இருப்பாங்க.) மலையில் வெயில் காலத்துல புல்லுக்குத் தீப்பிடிக்கிறதும், அதைத் தடுக்க 'தி ஃபாரஸ்ட் வே' அமைப்புக்காரங்க கோடு கோடா புல் செதுக்கி வெக்கிறதும் பசங்க சில பேருக்குத் தெரிஞ்சிருந்தது. மலையைப் பார்த்து வளர்ற பசங்க.

மணி அடிச்சது. வெளியே வரும்போது பின் பெஞ்சுப் பையன் பின்னாடியே வந்தான். "எங்க அப்பாவும் அடுத்த வாரம் கொளுத்தப் போறாரு சார், நீங்க சொல்லுங்க"ன்னான். நான் எப்படிடா சொல்றது, போன வாரம்தானே நானே கொளுத்தினேன்னேன். "அதனாலதான் சார் நீங்க சொல்லணும்"னான்.

போய்ப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் வரப்புல உட்கார்ந்து பேசினோம். அவருக்கு ரெண்டு ஏக்கர், எனக்கு அடுத்த வருஷம் ஒன்றரை, பக்கத்துல இன்னும் ரெண்டு பேர். நாலு பேரும் சேர்ந்து கேட்டா தூளாக்குற மிஷின்காரர் வாடகையைக் குறைச்சுக்குறேன்னிருக்கார். அவர் கழனிக்கு வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார். வரலேன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெருப்பு வெச்சுடுவேன்னு அவர் என்கிட்ட சொல்லிட்டார், அதுக்கு மேல நானும் வற்புறுத்தல. இன்னிக்குச் செவ்வாய். மிஷின்காரருக்கு ரெண்டு தடவை போன் அடிச்சேன், எடுக்கல.