கேள்வியைக் கொஞ்சம் புருஷன் பக்கம் திருப்புங்க

"கர்ப்பிணிகள் புகைபிடிக்கக் கூடாது." இந்த அறிவுரையை எங்க தர்மபுரிப் பக்கம் சொன்னா பொண்ணுங்க சிரிப்பாங்க. பாலக்கோட்டுலயோ பென்னாகரத்துலயோ மாசமா இருக்கிற எந்தப் பொண்ணு பீடி பத்த வைக்குது? (வெத்தலையோட புகையிலை போடுறது வேற கதை. அதுவும் வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. அதைத் தனிப் பதிவா எழுதணும்.) "புகைபிடிப்பியாம்மா?"ன்னு கேட்டா "அய்யே, இல்லைங்க"ன்னு பதில் வரும். விஷயம் அங்கயே முடிஞ்சுடும். "வீட்டுல யாரு பிடிக்கிறாங்க?"ன்னு கேட்டாத்தானே மேட்டரே ஆரம்பிக்கும்!

பத்தவெச்ச பீடியில இருந்து ரெண்டு புகை வருது. ஊதுறவர் இழுத்து விடுறது ஒண்ணு. நுனியில சும்மா கனிஞ்சுட்டே வர்றது இன்னொண்ணு. இந்த ரெண்டாவது, எந்த ஃபில்டரும் இல்லாம நேரா ரூமுக்குள்ள வந்து நிக்கும். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். அம்மா ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா பிள்ளைக்குப் போறதும் குறையும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. இருக்கிற கொஞ்ச ரத்தத்துலயும் இவரு பங்கு கேட்கிறாரு.

இதனால பிள்ளையோட எடை சராசரியா குறையுறது கிராம் கணக்குலதான், கிலோ கணக்குல இல்லை. "இவ்ளோதானா"ன்னு தோணும். ஆனா ரெண்டரை கிலோ கோட்டு ஓரத்துல நிக்கிற பிள்ளைக்கு அந்தக் கிராமே பெரிய விஷயம். 2014 நவம்பர்ல தர்மபுரி அரசு மருத்துவமனையில சில நாளுக்குள்ள அடுத்தடுத்து பச்சைக் குழந்தைங்க இறந்தப்ப, எடைக்குறைவுங்கிற வார்த்தை டிவியில திரும்பத் திரும்ப வந்துச்சு. பீடிதான் காரணம்னு நான் சொல்ல வரலை. பொண்ணுங்க சாப்பாடு, சின்ன வயசுக் கல்யாணம், ஆஸ்பத்திரி தூரம்னு நூறு இருக்கு. ஆனா எங்க மாவட்டத்துல அந்த வார்த்தைக்குக் கனம் அதிகம்.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. 2008 அக்டோபர் 2-ல இருந்து நாடு முழுக்க பொது இடத்துல புகைக்கத் தடை. அதைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் அன்புமணி, பின்னாடி 2014-ல எங்க தர்மபுரிக்கே எம்.பி. ஆனவர். (தர்மபுரி மாவட்டம் பிறந்ததும் ஒரு அக்டோபர் 2-லதான், 1965-ல. சும்மா தகவலுக்கு :-) ) அவர் அரசியல் எனக்கு ஒத்துவராது, ஆனா அந்த வேலைக்கு ஒரு சல்யூட். பஸ்ல பீடி நாத்தம் குறைஞ்சது உண்மை. ஆனா சட்டம் வாசப்படியோட நின்னுடுது. 2016-17 புகையிலை ஆய்வுல, வீட்டுக்குள்ள அடுத்தவங்க புகையைச் சுவாசிக்கிறதா சொன்ன பெரியவங்க இந்திய அளவுல 38.7 சதவீதம். 2009-10-ல 52.3. குறைஞ்சிருக்கு, சரி. மிச்சம் இருக்கிறதும் சின்ன நம்பரா?

வழக்கமா வர்ற பதில் ரெண்டு. "எங்கப்பா செயின் ஸ்மோக்கர், நான் நல்லாத்தானே இருக்கேன்." ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆச்சுன்னு புரொடக்‌ஷனுக்கு அனுப்புற ஆளுங்க நாம இல்லையே, தலைவா. இன்னொண்ணு, "விறகடுப்புப் புகையை விடவா இது?" நியாயமான கேள்விதான். அந்தப் புகையும் கெடுதல்தான். அதுக்காக இது மேல ஒரு லேயர் ஏத்தணுமா?

"அந்தப் பொண்ணே வெளிய போய்ப் பிடிங்கன்னு சொல்லலாமே"ன்னு சிட்டியில உக்காந்து சொல்றது சுலபம். ஒத்த ரூம் வீடு. கட்டில்ல மாமனார். ஓசூர்ல வேலை முடிச்சு சனிக்கிழமை ராத்திரி வர்ற புருஷன். வந்து ரெண்டு வருஷம் ஆகாத மருமக, மாமனாரைப் பாத்து "எந்திரிச்சு வெளிய போங்க"ன்னு சொல்லுமா? எங்க சொந்தத்துல ஒரு அக்கா, அஞ்சாம் மாசத்துல வாந்தி தாங்காம முந்தானையால மூக்கைப் பொத்தினதுக்கே "மகாராணிக்கு நாத்தமா இருக்கோ"ன்னு பேச்சு வாங்குச்சு.

அதனால சொல்லவேண்டியவங்க வெளியாளா இருக்கணும். கிராம செவிலியர் வீட்டுக்கு வர்றாங்க இல்ல, அவங்க கேக்கட்டும், அந்தப் பொண்ணுகிட்ட இல்லை, புருஷன்கிட்டயும் மாமனார்கிட்டயும். பதிலைக் கார்டுல எழுதட்டும். அடுத்த விசிட்ல திரும்பக் கேக்கட்டும். மாமியார் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஆளுங்ககூட நர்சம்மா சொன்னா துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போவாங்க, நானே பாத்திருக்கேன். அரசாங்கம் நடத்துற சமுதாய வளைகாப்புல வளையல், மஞ்சள், கலவை சாதம் எல்லாம் இருக்கு. அன்னைக்கு ஒரு அரைமணி நேரம் புருஷன்மாரை முன்வரிசையில உக்கார வெச்சு ஒரு டாக்டர் இதைப் பேசினா பந்திக்கு ஒண்ணும் லேட் ஆகிடாது.