‘ஜீரோ’ குளிர்பானங்கள் பற்றி எங்கள் நிலைப்பாடு

மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நாங்கள் நடத்தும் சர்க்கரைப் பரிசோதனை முகாம்களில் சில காலமாகத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, சர்க்கரை இல்லாத கோலாவைக் குடிக்கலாமா கூடாதா என்பதுதான். சிலர் கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, இதைக் குடித்தால் புற்றுநோய் வருமாமே என்று பயத்தோடு கேட்கிறார்கள். வேறு சிலரோ, சுகர் உள்ளவர்களுக்கென்றே தயாரித்த பானம் என்று நம்பி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பாட்டில் குடிக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டியது எங்கள் அமைப்பின் கடமை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் எப்போதாவது ஒரு டயட் கோலா குடிப்பதால் கெடுதல் வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. தினமும் சர்க்கரைக் கோலா குடித்துப் பழகி, அதை விட முடியாமல் தவிப்பவர் ஜீரோவுக்கு மாறினால் அவருக்கு நன்மையே. ஆனால் அன்றாடம் குடிக்கும் பானமாக இதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். எங்கள் நிகழ்ச்சிகளில் இதைப் பரிமாறவும் மாட்டோம். இதை விற்கும் நிறுவனங்களிடமிருந்து நன்கொடையோ விளம்பரமோ வாங்கவும் மாட்டோம்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு டயட் கோலா என்றால் மாட்டுங்காவின் பெரிய கடைகளில் டப்பாவில் கிடைக்கும் விலை கூடிய சரக்கு. வசதியுள்ளவர்கள் வாங்கினார்கள், மற்றவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அண்மையில் பத்து ரூபாய்க்கே சின்னச் சின்ன ஜீரோ பாட்டில்கள் வந்துவிட்டன. தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் இருக்கும் அண்ணாச்சி கடையில் பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் பக்கத்தில் அவை தொங்கும் விளம்பரத்தோடு நிற்கின்றன. வடாபாவுக்கு ஆகும் காசுக்குள் கிடைக்கும் பொருளை யார் வாங்குவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள்தான் வாங்குகிறார்கள்.

இந்த நகரத்தின் நிலை என்ன என்பதையும் மறந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி மும்பையில் 2021-ல் நடந்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 18 சதவீதம் பேருக்கு வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை அளவு 126-க்கு மேல் இருந்தது. 34 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. சாதாரணக் கோலாவில் 100 மில்லிக்குப் பத்து பதினொரு கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்து முடித்தால் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை உள்ளே போய்விடும். இதைக் குறைக்க ஒரு வழி கிடைத்தது என்று மக்கள் நினைப்பதில் தவறே இல்லை. அந்த நம்பிக்கை எதுவரை சரி, எங்கே தப்பு என்பதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்த அறிக்கை.

முதலில் புற்றுநோய்ப் பயம். 2023 ஜூலை 14 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. கைப்பேசிச் செய்திகள் இந்தப் பாதியைத்தான் சொல்கின்றன. அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் இன்னொரு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய அன்றாட வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. முதல் அமைப்பு பார்ப்பது, ஒரு பொருளால் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டா என்பதை. எவ்வளவு சாப்பிட்டால் வரும் என்பதை அல்ல. 2பி என்றால் ஆதாரம் இன்னும் போதாது என்றுதான் பொருள். கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒரு டப்பாவில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருப்பதாகக் கொண்டால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே நாளில் ஒன்பது முதல் பதினான்கு டப்பாவுக்கு மேல் குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார் என்று உலக சுகாதார நிறுவனமே கணக்குச் சொன்னது. எனவே கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டாம்.

அதே கணக்கை 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். வரம்பு 800 மில்லிகிராம். மூன்று நான்கு டப்பாவிலேயே எட்டிவிடும். ஒரு குழந்தை அத்தனை குடிக்காது என்பது உண்மைதான். ஆனால் சூயிங்கம், ‘சுகர்ஃப்ரீ’ மிட்டாய், சுவையூட்டிய பொடிகள் என்று இதே இனிப்பூட்டிகள் வேறு வழிகளிலும் வருகின்றன. பெற்றோர் யாரும் அதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

எடை குறையுமா என்பது அடுத்த கேள்வி. இங்கே ஆதாரங்கள் இரண்டு பக்கமும் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் 4 முதல் 11 வயது வரையிலான 641 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. ஏற்கெனவே இனிப்புப் பானம் குடித்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். ஒரு பகுதியினருக்குச் சர்க்கரைப் பானமும் மறு பகுதியினருக்குச் சர்க்கரையில்லாப் பானமும் தினமும் 250 மில்லி வீதம் பதினெட்டு மாதம் கொடுத்தார்கள். சர்க்கரையில்லாப் பானம் குடித்தவர்களுக்குச் சுமார் ஒரு கிலோ எடை குறைவாகவே ஏறியிருந்தது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. நீரிழிவு உள்ள 179 பேரில் ஒரு பகுதியினர் பன்னிரண்டு வாரம் டீ, காபியில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டியைப் போட்டுக்கொண்டார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சற்றே குறைந்தன.

இரண்டு ஆய்விலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஏற்கெனவே உடலுக்குள் போய்க்கொண்டிருந்த சர்க்கரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில்தான் இனிப்பூட்டியை வைத்தார்கள். பத்து ரூபாய் பாட்டில் நம் தெருக்களில் செய்வது வேறு. வெறும் தண்ணீரோ மோரோ குடித்துக்கொண்டிருந்த பிள்ளை கையில் புதிதாக ஓர் இனிப்புப் பழக்கத்தை வைக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் குறைப்பதற்குச் சர்க்கரையே இல்லை; கூடுவது பழக்கம் மட்டும்தான்.

நீண்டகால விளைவுகளைப் பார்த்தால் படம் இன்னும் மங்குகிறது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் நாலரை லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, நாளுக்கு இரண்டு டம்ளர் அல்லது அதற்கு மேல் செயற்கை இனிப்புப் பானம் குடித்தவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. இதை வைத்து, பானம்தான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. எடை கூடியவர்களும் சர்க்கரை ஏறியவர்களும்தான் டயட் பானத்தைத் தேடிப் போகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 120 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட சோதனையிலோ, சாக்கரினும் சுக்ரலோஸும் இரண்டே வாரத்தில் குடல் நுண்ணுயிர்களை மாற்றி, உடல் சர்க்கரையைக் கையாளும் விதத்தையும் பாதித்தன. எல்லாவற்றையும் சீர்தூக்கித்தான், எடையைக் கட்டுப்படுத்தவோ நாள்பட்ட நோய்களைத் தடுக்கவோ இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. முகாம்களில் நாங்கள் ஆளுக்கு ஆள் வேறு பதில் சொல்வது இதனால்தான்.

பல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நாங்களே சொல்கிறோம். பிஎச் அளவு 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். டயட் கோலாவின் அளவு மூன்றை ஒட்டி இருக்கிறது. சர்க்கரையை எடுத்தாலும் பாஸ்பாரிக் அமிலம் அப்படியே இருக்கிறது. மடக்கு மடக்காக நாள் முழுவதும் உறிஞ்சுபவர்களுக்குக் கெடுதல் அதிகம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. தாராவியில் விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படிச் செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய்க் கடையில் ஒரு தண்டா, அதாவது குளிர்பானம், வாங்கி வருவார். சுகர்காரருக்கு நல்லது என்று பார்த்துப் பார்த்து ஜீரோ வாங்கி வந்தால், அதனால் ஒரு பயனும் இல்லை. அதில் சர்க்கரையே கிடையாது. அந்த நேரத்தில் தேவை மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது சர்க்கரை போட்ட சாதாரணக் குளிர்பானம். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே சயான் ஆஸ்பத்திரிக்கோ அருகில் உள்ள மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். வீட்டில் சுகர் உள்ளவர் இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இது தெரிந்திருக்க வேண்டும்.

அரசிடமும் நிறுவனங்களிடமும் நாங்கள் கேட்பவை சில உண்டு. டயட் கோலா டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற வரியும், பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது என்ற வரியும் ஆங்கிலத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கும் அளவில் இருக்கும். முன்பக்கத்தில் ‘ஜீரோ’ மட்டும் உள்ளங்கை அகலத்தில். சட்டப்படி ஆங்கிலமோ இந்தியோ போதும் என்பதால் தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கு அந்த எச்சரிக்கை இல்லாததற்குச் சமம். எழுத்தறியாதவருக்கும் புரியும்படி, குழந்தைகளுக்கு ஆகாது என்பதைப் படக்குறியாகப் பாட்டிலின் முன்பக்கத்தில் போட உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட வேண்டும். சி.பி.எஸ்.இ. 2025-ல் பள்ளிகளில் சர்க்கரையின் அளவைக் காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னதை மனதார வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பலகை சர்க்கரையைப் பற்றி மட்டும் பேசினால், பிள்ளைகள் சர்க்கரைக் கோலாவை வைத்துவிட்டு ஜீரோவை எடுப்பார்கள். மாநில வாரியப் பள்ளிகளும் சேர்ந்து, இரண்டையும் பள்ளி வாசலிலிருந்து அகற்ற வேண்டும்.

வரி விஷயத்தில், 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை உள்ளதோ இல்லாததோ எல்லா வகைக் காற்றடைத்த இனிப்புப் பானத்துக்கும் 40 சதவீத ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருக்கிறது. ஜீரோ பானங்களுக்குச் சலுகை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தால் அதை எதிர்ப்போம். பத்து ரூபாயே பிள்ளைகள் கைக்கு எட்டும் விலை. அதை இன்னும் இறக்க வேண்டிய அவசியம் இல்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. தகரக் கூரையின் கீழ் தையல் பட்டறையிலும் தோல் பட்டறையிலும் வேலை செய்கிறவர் ஏன் தண்டா குடிக்கிறார்? தாராவியின் பெரும்பகுதியில் குழாயில் தண்ணீர் வருவது ஒரு நாளில் சில மணி நேரம்தான். மத்தியான வெயிலில் நம்பிக் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கிடைக்காத இடத்தில் பாட்டிலுக்குப் போட்டியே இல்லை. பட்டறைத் தெருக்களிலும் பள்ளிகளிலும் குடிநீர் வசதி செய்து கொடுப்பது மாநகராட்சியின் பொறுப்பு. அதைச் செய்யாமல் மக்களிடம் கோலா குடிக்காதே என்று சொல்வது நியாயமாகாது என்றே கருதுகிறோம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், கல்யாண மண்டபப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவிலும் அதற்குப் பிறகு வரும் கோடைத் திருவிழாக்களிலும் கலர் பாட்டில்களுக்குப் பதிலாக நீர்மோரும் பானகமும் கோகம் சர்பத்தும் வையுங்கள். பானகத்திலும் சர்பத்திலும் இனிப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு மோர் தனியாக இருக்கட்டும். முப்பது வயது கடந்தவர்கள் மாநகராட்சியின் ஆப்லா தவாகானா மருந்தகத்துக்குப் போய் இரத்தச் சர்க்கரையை இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கடை நடத்தும் அண்ணாச்சிமார்களே, பள்ளிச் சீருடையில் வந்து ஜீரோ கேட்கும் பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.