டீசல் கார் வாங்குமுன் தூரத்தைக் கணக்கிடுவோம்

டீசல் கார் எடுத்தால் செலவு பாதி என்று நம் வணிகர்களில் பலர் இன்னும் சொல்கிறோம். டீசல், பெட்ரோல் விலையில் பாதிக்கு விற்ற 1990களின் கணக்கு அது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2025-ல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய்.

சரக்குக்குப் போடும் அடக்க விலைக் கணக்கை இதற்கும் போடுவோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் கார் 20 என்று வைத்தால், கிலோமீட்டருக்கு மிச்சம் இரண்டு ரூபாய்ச் சொச்சம். டீசல் காருக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை எடுக்கவே ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வீடு, கடை, வங்கி என்று நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏழெட்டு வருடம் ஆகும். ஊர் ஊராக வசூலுக்கும் கொள்முதலுக்கும் போகிறவர் தாராளமாக டீசல் வாங்கலாம்.

பராமரிப்பும் பழைய மாதிரி இல்லை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடினால்தான் அந்தக் கரி சூடேறி எரியும். கடைத்தெரு ஓட்டத்திலேயே கிடந்தால் அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு நம் ஒரு மாத லாபத்தை விழுங்கிவிடும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அன்றே கவனிக்க வேண்டும். கம்பெனி சொன்ன ரக ஆயிலையே ஊற்ற வேண்டும். இதில் மலிவு பார்க்கக் கூடாது.

இன்னொன்று. நாம் ஓட்டும் காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. சரக்கு வண்டிக்குப் பொதுவாக முடியும். கடைப் பெயரில் கார் எடுப்போர் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.